குளிர்கடலில் அலைச்சறுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மணல் அடித்தளம் உள்ள கடற்கரையில் அலைச்சறுக்கு பழகப் போகிறேன். கடல்நீர் 11 டிகிரி செல்சியஸ். எவ்வளவு தடிமனான வெட்சூட் (குளிர்நீரில் அணியும் இறுக்கமான ரப்பர் உடை) வாங்கலாம்?

பதில்: 5/4 போதும். உடற்பகுதியில் 5 மில்லிமீட்டர், கை கால்களில் 4 மில்லிமீட்டர் என்று பொருள். தோள் எளிதாகச் சுழல வேண்டும் என்பதால்தான் கைப்பகுதி மெல்லியது. கூடவே 5 மில்லிமீட்டர் காலுறை, 3 மில்லிமீட்டர் கையுறை, தலையை மூடும் தொப்பி மூன்றும் தேவை. நீர் 14, 15 டிகிரிக்கு வந்துவிட்டால் 4/3 சரியாக இருக்கும்.

தடிமனைவிட அளவுதான் முக்கியம். வெட்சூட் செய்யப் பயன்படும் ரப்பரான நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள் சூடு வெளியேறாமல் தடுக்கின்றன. உள்ளே புகும் கொஞ்சம் நீரை உடம்பு சூடாக்கிக்கொள்கிறது. சூட் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அலையிலும் அந்த வெந்நீர் வெளியேறிக் குளிர்நீர் புகும்; உடம்பு மறுபடி மறுபடி புதிதாகச் சூடாக்க வேண்டியிருக்கும். போட்டுப் பார்க்கும்போது கைகளை மேலே தூக்குங்கள், குந்தி எழுங்கள். கீழ்முதுகு, அக்குள், முழங்காலின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் இடைவெளி இருக்கக்கூடாது. உலர்ந்திருக்கும்போது இறுக்கமாகத் தெரிவது நல்லதே. நனைந்தால் சற்று இளகும்.

பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நகத்தால் இழுக்காதீர்கள், நியோப்ரீன் கிழியும். சூட்டின் கால்பகுதி காலுறைக்கு மேலே வர வேண்டும். உள்ளே விட்டால் காலுறைக்குள் தண்ணீர் நிரம்பும்.

கேள்வி: தூக்கிச் செல்ல எளிது என்று 6 அடிப் பலகை வாங்க நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். 8 அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான ஃபோம் பலகை வாங்குங்கள். பலகையின் கொள்ளளவு லிட்டர் கணக்கில் உங்கள் எடையைவிடக் கூடுதலாக இருக்கட்டும். 65 கிலோ எடை என்றால் 75 லிட்டருக்குக் குறையக்கூடாது. நனைந்த வெட்சூட்டின் எடையும் சேர்கிறதே! குட்டைப் பலகை ஆரம்பக்காரரின் கீழ் ஆடும், அலையைப் பிடிக்கக் கைகளால் அதிகம் துடுப்பிட வைக்கும். குளிரில் தோள்வலு சீக்கிரம் தீர்ந்துவிடும். பலகையைக் காலோடு இணைக்கும் கணுக்கால் கயிறும் பலகையின் நீளத்துக்குச் சமமாக, 8 அடி இருக்கட்டும். அதைப் பின்னங்காலில் கட்டுங்கள்.

கேள்வி: எந்த நாள், எந்த நேரம் போவது? முன்னறிவிப்பில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: அலை உயரம் அரை மீட்டர் முதல் 1 மீட்டருக்குள். அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் 7 முதல் 10 விநாடி. உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 1 மீட்டர் அலையே 14 விநாடி இடைவெளியில் வந்தால் இன்னும் கனமாக விழுவதுபோல் உணர்வீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் கரைக்காற்று அலைமுகத்தைச் சீராக்கும். அதுவே பலமாக வீசினால் பலகையோடு உங்களை உள்ளே தள்ளிவிடும். அன்று போகாதீர்கள்.

பெரும்பாலான மணற்கரைகளில் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் (ஓதம்) நடுப்பட்ட நேரமே பழகுவதற்கு இதம். முழு வற்றத்தில் அலை மணல்திட்டின் மீது மொத்தமாகக் கவிழும். முழு ஏற்றத்தில் கரையோரத்திலேயே உடைந்து அடிக்கும். ஆனாலும் புயலுக்குப் பிறகு திட்டுகள் இடம் மாறும். போன மாதம் கண்ட கடல் இந்த மாதம் இருக்காது.

கடல் மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடாகும். வெயில் ஏறும் இளவேனிலில் காற்று இதமாக இருந்தாலும் நீர் ஆண்டின் மிகக் குளிர்ந்த நிலையை ஒட்டியே இருக்கும். கோடை முடிந்த இலையுதிர்காலத்தில் தொடங்குங்கள்.

இறங்குவதற்கு முன் 15 நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அமைதியாக, சற்றுக் கருமையாக ஒரு பட்டை தெரிந்தால் அங்கே நீரோட்டம் உள்ளே இழுக்கிறது. பார்வைக்குச் சாதுவான அந்த இடத்தைத்தான் புதியவர்கள் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். சிக்கினால் பலகையை விடாதீர்கள். அதுதான் உங்கள் மிதவை. கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகத் துடுப்பிட்டு, நுரை உடையும் இடத்துக்கு வாருங்கள். முடியாவிட்டால் ஒரு கையை உயர்த்தி உதவிக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எழும் முன்பே பலகையின் முனை நீரில் குத்திக் கவிழ்கிறது. ஏன்?

பதில்: முன்னால் அதிகம் தள்ளிப் படுத்திருக்கிறீர்கள். முனை நீர்மட்டத்துக்கு மேல் 3 அல்லது 4 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும், உங்கள் மார்புக்கு நேராகப் பலகையில் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பின்னால் போனால் பலகை நீரை உழுதுகொண்டு நிற்கும், அலை உங்களைக் கடந்து போய்விடும்.

முதல் சில நாட்கள் இடுப்பளவு நீரிலேயே, உடைந்து வரும் வெண்ணுரையில் மட்டும் பழகுங்கள். நுரை 3 மீட்டர் தொலைவில் இருக்கும்போது படுத்துத் துடுப்பிடத் தொடங்குங்கள். அது தள்ளியதும் மேலும் இரண்டு வீச்சு. பிறகு உள்ளங்கைகளை விலா எலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி வைத்து எழுங்கள். பலகையின் விளிம்பைப் பிடித்து எழுந்தால் அது ஒருபக்கம் சாயும். பார்வை கரையில் இருக்கட்டும், பாதத்தில் அல்ல. விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, தலையைக் கைகளால் மூடியபடி மேலே வாருங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை ஒருபோதும் வரக்கூடாது.

கேள்வி: அரை மணி நேரத்தில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. தாக்குப்பிடிக்கலாமா?

பதில்: கூடாது, அதுதான் கரையேறும் அறிகுறி. விரல் வேலை செய்யாவிட்டால் கணுக்கால் கயிற்றை அவிழ்க்கவும் முடியாது, பலகையைப் பற்றவும் முடியாது. நிற்காத நடுக்கமும் குழறும் பேச்சும் அடுத்த கட்டம். நடுக்கம் நின்று குழப்பம் தொடங்கினால் அது அவசர சிகிச்சைக்கு உரியது. குளிர்நீரில் முதல் இரண்டு மூன்று நிமிடங்களும் அபாயமானவையே: மூச்சு தானாகத் திக்கித் திணறும். ஆகவே ஒரேயடியாகப் பாயாமல் மெல்ல இறங்கி, முகத்திலும் கழுத்திலும் நீர் தெளித்து, மூச்சு அடங்கிய பிறகே அலைப்பக்கம் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

கரையேறியதும் காற்று படாத இடத்தில் ஈர உடையைக் களைந்து, துவட்டி, முதலில் மேலுடம்புக்கு உலர்ந்த உடையும் தலைக்குக் கம்பளித் தொப்பியும் போடுங்கள். சூடான இனிப்புப் பானம் நல்லது, மது கூடாது. வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் என்பதால், உடனே வண்டி ஓட்ட வேண்டாம்.

கேள்வி: வெட்சூட்டை வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல், உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, இடுப்பளவில் மடித்து நிழலில் தொங்கவிடுங்கள். வெந்நீரும் வெயிலும் நியோப்ரீனை விறைக்க வைக்கும். மெல்லிய கம்பி மாட்டியில் தொங்கவிட்டால் தோள்பகுதி இழுபட்டுத் தளரும்.