கடலூர் வெயிலில் பழைய ஐ5-2500கே-வை ஓவர்க்ளாக் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஐ5-2500கே என்பது இன்டெலின் பழைய கம்ப்யூட்டர் பிராசஸர் சிப், அதை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக். நானும் அதே சிப்பைத்தான் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்து வீட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இசட்77 மதர்போர்டு இருக்கிறது, சிப் பாக்ஸோடு வந்த ஃபேன் இருக்கிறது, 4.5 கிகாஹெர்ட்ஸ் வேகம் போக எந்தக் கூலர் (சிப்பைக் குளிர்விக்கும் கருவி) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூலருக்கு முன்னால் உங்கள் அறையைப் பாருங்கள்.

ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, எதுவும் அறைக் காற்றைவிடச் சிப்பைக் குளிர வைக்காது. ஏசி போட்ட 22 டிகிரி அறையில் 70 காட்டும் செட்டிங், கத்திரி வெயிலில் 36 டிகிரி கொதிக்கும் நம் மாடி அறையில் 84-க்குப் போய்விடும். நான் மார்கழியில் 1.35 வோல்ட்டில் 4.5 வைத்தேன், அருமையாக ஓடியது. சித்திரை மதியம் ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டபோது பாதியில் உறைந்து நின்றது. ராம் போய்விட்டது என்று நினைத்து ஒரு வாரம் அலைந்தேன்.

பிறகுதான் கேபினட்டைத் திறந்தேன். சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சாதாரணத் தூசி என்றால் ஊதினால் போகும். இது உப்புக்காற்றின் ஈரத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, பிரஷ் வைத்துத் தேய்த்த பிறகுதான் உதிர்ந்தது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போலப் பொடிந்தது. ஹீட்சிங்கைப் போர்டில் பிடித்து வைக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாக மாட்டாமல் மேலே எழும்பி நின்றது. சுத்தம் செய்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட் வைத்துப் பின்னை அழுத்தினேன். அதிலேயே 11 டிகிரி இறங்கிவிட்டது. முதலில் இதைச் செய்யுங்கள், பெரிய செலவில்லை.

அப்புறம், சிப்பைச் சூடாக்குவதில் வேகத்தைவிட வோல்டேஜுக்குப் பங்கு அதிகம். வேகம் கூடுகிற அளவுக்கு நேராகச் சூடு கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடும். உள்ளே இருக்கும் நான்கு கோரும் (கணக்கிடும் பகுதிகள்) வேலை செய்யும்போது இந்தச் சிப் இயல்பாக 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். அங்கே 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 1.25 வோல்ட்டில் 4.2 போக மின்சாரச் செலவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். 1.35 வோல்ட்டில் 4.5 என்றால் மூன்றில் இரண்டு பங்கு கூடும். அந்தக் கடைசி 300 மெகாஹெர்ட்ஸுக்கு இவ்வளவு சூடு வேண்டாம் என்பது என் முடிவு. நான் 4.2-ல் நின்றுவிட்டேன், வேலையில் வித்தியாசமே தெரியவில்லை.

பயோஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) மல்டிப்ளையரை மட்டும் மாற்றுங்கள், அது பெருக்கும் 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கைத் தொடாதீர்கள். வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், பல போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். ஒவ்வொரு படியாக ஏற்றி, சிப்பை முழு வேலை வாங்கும் பிரைம்95 சாஃப்ட்வேரைப் போட்டுச் சோதியுங்கள். சோதனையை மதியம் 2 மணிக்கு வையுங்கள். ராத்திரி கடற்காற்றில் பாஸ் ஆவதை நம்ப முடியாது. சூடு 80 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

4.2-க்கும் பாக்ஸ் ஃபேன் போதாது. 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் (உயரமான தகடுகள் உள்ள ஏர் கூலர்) போதும், லிக்விட் கூலர் தேவையில்லை. ஃபேன் பின்பக்கம் நோக்கி ஊதட்டும், கேபினட்டின் பின் ஃபேன் அதை வெளியே தள்ளட்டும். மேசைக்கு அடியில் மரத்தட்டுக்குள் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். வெந்த காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பத்து வருடப் பழையது என்றால் மல்டிப்ளையரைத் தொடும் முன் அதை மாற்றுங்கள்.

டவர் கூலர்கள் பல 160 மில்லிமீட்டர் வரை உயரம் இருக்கும். போர்டிலிருந்து பக்கக் கதவு வரை ஸ்கேல் வைத்து அளந்து கமெண்டில் போடுங்கள். பொருந்துகிற மாடலைப் பார்த்துச் சொல்கிறேன்.