அப்பாவின் ரிப்போர்ட்டில் இல்லாதது

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. பெருங்குடலில் கட்டி. மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. சர்க்கரை, ரத்த அழுத்தம், எக்கோ எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் ஆறு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். நாற்காலியில் கையை ஊன்றித்தான் எழுகிறார். தாங்குவாரா?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: சகோதரி, வேட்டியையும் நாற்காலியையும் எழுதினீர்களே, எக்கோ காட்டாததை அவை காட்டிவிட்டன. இதை நாங்கள் 'நலிவு' என்கிறோம். தானாக எடை குறைதல், தீராத அசதி, கைப்பிடியில் வலுவின்மை, மெதுவான நடை, சுருங்கிய நடமாட்டம் – இந்த ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு என்று 2001-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடின் குழு வகுத்தது. எண்பதிலும் வயலுக்குப் போய்வருகிறவர் பெரிய அறுவையிலிருந்து மீண்டுவிடுவதுண்டு. எழுபதுகூட ஆகாத நலிந்தவர் நிமோனியா, மனக்குழப்பம், படுக்கைப்புண் என்று ஒன்றுமாற்றி ஒன்றில் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் வேட்டி, நாற்காலி பற்றி நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிகளை அப்படியே சொல்லுங்கள்.

மூன்று வாரம் கையில் இருக்கிறது, வீணாக்காதீர்கள். தினமும் இரண்டு வேளை நடக்கட்டும். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதவிடாமல், உறிஞ்சச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தவேண்டும். குடல் கட்டியில் ரத்தம் மெல்லக் கசியும் என்பதால் ஹீமோகுளோபின் அளவையும் கேளுங்கள். பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியக் கஞ்சியோடு நிறுத்துகிற வழக்கத்தைப் பார்த்து நான் பலமுறை மனம் நொந்திருக்கிறேன். புண் ஆறுவதே புரதத்தால்தான். கட்டியால் குடல் சுருங்கியிருக்கிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முட்டை, பால், பருப்பு கொடுங்கள்.

அறுவைக்குப் பிறகு ஒருநாள் இரவு, "பஸ் வந்துவிட்டது, கிளம்பு" என்று அப்பா எழுந்து குழாயைப் பிடுங்கக்கூடும். மேலே சொன்ன மனக்குழப்பம் இதுதான். பயந்துவிடாதீர்கள், அதட்டவும் வேண்டாம். பலருக்கும் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்காகும். ஆனால் உடனே செவிலியரிடம் சொல்லவேண்டும். அடியில் நோய்த்தொற்றோ உப்புக் குறைவோ சிறுநீர் அடைப்போ இருக்கலாம். சத்தமே போடாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கிறவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம். "சமத்தாகப் படுத்திருக்கிறார்" என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மயக்கம் தெளிந்ததுமே அவருடைய கண்ணாடியும் காதுக்கருவியும் அவரிடம் இருக்கட்டும். பழகிய முகம் ஒன்று இரவில் பக்கத்தில் வேண்டும். மருத்துவர் அனுமதித்த உடனேயே எழுப்பி உட்காரவையுங்கள், நடக்கவையுங்கள். அசையாமல் படுக்கவைப்பதைக் கவனிப்பு என்று நினைக்கிறோம். நலிந்த உடலில் தசை அந்தப் படுக்கையிலேயே கரைகிறது.

கிண்டியில் முதியோருக்கான தேசிய அரசு மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. உங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். அறுவைக்கு முன் ஒருமுறை அங்கே காட்டுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள், தூக்க மாத்திரை இருந்தால் அதையும் மறைக்காமல்.