மோப்பம் பிடித்து இழுக்கிற நாய்க்கு முள்பட்டை போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டக் காவலுக்கு ஒரு சிப்பிப்பாறைக் கடுவன் வளர்க்கிறோம், ஒன்பது மாதம் ஆகிறது. ராத்திரியும் பகலும் கட்டித்தான் கிடக்கும். காலையில் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போனால் பத்தடிக்கு ஒருமுறை மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு இழுக்கிறது. போன வாரம் அம்மாவை வரப்பில் இழுத்துத் தள்ளிவிட்டது, முழங்கையில் காயம். உள்பக்கம் முள் வைத்த பட்டை போட்டால் இரண்டே நாளில் அடங்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (புளியங்குடி பக்கம் எலுமிச்சை விவசாயி)

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. சிப்பிப்பாறையின் கழுத்தைத் தடவிப் பாருங்கள், நீளமாக, மெல்லிய தோலும் குட்டை முடியுமாக இருக்கும், முள் அழுத்தினால் தாங்க அங்கே ஒன்றுமே இல்லை. வலிக்கிற நேரத்தில் எதிரே பால்காரர் வந்தால் வலி அவரால்தான் வந்தது என்று நாய் நினைத்துக்கொள்ளும், நாளைக்கு அவரைப் பார்த்து உறுமும். அப்புறம் கடிக்காமல் இருக்க நாய்க்கு வாய்ப்பூட்டு வாங்குங்கள் என்று அதே கடையில் சொல்வார்கள். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், விற்கிறவருக்கு நாயைப் பற்றி அக்கறை கிடையாது.

நீங்கள் இழுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு உறுத்தியது ‘கட்டித்தான் கிடக்கும்’ என்ற வார்த்தை. நாள் முழுக்க ஒரே கம்பத்தடியில் கிடந்த நாய், வெளியே வந்த அரைமணி நேரத்தில் ஊர்ச் சேதி மொத்தத்தையும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறது, இழுக்காமல் என்ன செய்யும்? அதன் மூக்கைப் பக்கவாட்டில் பாருங்கள், துவாரத்தை ஒட்டி ஒரு கீற்று இருக்கும். முகரும்போது வெளிவிடும் மூச்சை அந்த வழியாகப் பக்கவாட்டில் தள்ளும், தரையில் கிடக்கிற வாசனை கலையாமல் இருக்க. ராத்திரி எந்தக் கீரி போனது, எந்த நாய் மூத்திரம் விட்டது எல்லாம் அதற்கு அப்படித்தான் தெரியும். கண்ணால் பார்த்து விரட்டுகிற இனம், இதற்கு மூக்கு எதற்கு என்பார்கள். எந்த இனமானாலும் முகர விடாமல் அடக்கினால் நாய் தவித்துப்போகும்.

சரி, பழக்குவது எப்படி? அகலமான தோல்பட்டை போடுங்கள், இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், ஒல்லிப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். பத்தடிப் பருத்திக் கயிறு போதும், நைலான் கையை அறுக்கும். கயிறு விறைத்தால் அப்படியே நில்லுங்கள், சுண்டி இழுக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்த உடனே ‘போ’ என்று சொல்லி, எந்தப் புதரை முகர இழுத்ததோ அங்கேயே கூட்டிப்போய் நிதானமாக முகர விடுங்கள். ஈரல் துண்டைவிட அதற்கு அதுதான் பெரிய கூலி. முதல் நாள் நூறடி தாண்டவே நேரமாகும், பொறுமையாக இருங்கள். வீட்டில் ஒருவர் நிற்க, இன்னொருவர் இழுத்த இழுப்புக்கு ஓடினால் ஒரு மாதமானாலும் பழகாது.

சாயங்காலம் கம்பிவேலிக்குள் அவிழ்த்து விடுங்கள், தானே சுற்றி முகர்ந்துவிட்டு வரட்டும். வேலி இல்லையென்றால் விடாதீர்கள், முயலைக் கண்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. விடுவதற்கு முன் ஒருமுறை வரப்போரம் நடந்து பாருங்கள், பக்கத்துக் காட்டுக்காரர் எலிக்கு வைத்த சிங்க் பாஸ்பைடு உருண்டை கிடந்தால் பொறுக்கி எடுத்துப் புதையுங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம். அந்த விஷத்துக்கு முறிமருந்தே கிடையாது. நாய் பழகும் வரை அம்மா கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.