பதினான்கு கோட்பாடுகளும் ஆடி மாத முன்பணமும்

வணக்கம் ஐயா,

ஏற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து சேலத்தில் பிபிஏ படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. மேலாண்மையின் 14 கோட்பாடுகள், மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு எல்லாம் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்குகிறேன். ஆனால் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கிறது. நான் படிப்பதில் ஒரு வரி கூட அதற்குப் பயன்படவில்லை. அப்பா ஆடி மாதம் வியாபாரியிடம் வட்டியில்லாமல் 60,000 ரூபாய் முன்பணம் வாங்குவார். தையில் 600 கிலோ காப்பி போடும்போது கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் எங்கள் வியாபாரம். "உன் காலேஜ்ல இதுக்கு மேல என்ன சொல்லித் தர்றாங்க?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் படித்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. மேலே எம்பிஏ படிக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

'வட்டியில்லாமல்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம். 600 கிலோவுக்குப் பத்துப் பத்து ரூபாயாகக் குறைந்தால் 6,000 ரூபாய். வாங்கிய பணம் 60,000. ஆடியிலிருந்து தை வரை ஆறு மாதம். ஆறு மாதத்துக்குப் பத்து சதவீதம் என்றால் வருடத்துக்கு இருபது. இதே தொகையை விவசாயக் கடன் அட்டையில் பயிர்க்கடனாக வாங்கினால், 3 லட்சம் வரைக்கும் வட்டி 7 சதவீதம். கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். ஆறு மாதத்துக்கு 1,200 ரூபாய். அப்பா கேட்ட கேள்விக்கு உங்கள் காலேஜ் தரும் முதல் பதில் இது: வருடம் 4,800 ரூபாய், வட்டி என்ற பெயரே இல்லாமல் வீட்டை விட்டுப் போகிறது. விலைக்குள் வட்டி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் காஸ்டிங் என்கிற செலவுக் கணக்கும் நிதி மேலாண்மையும் படிக்கிறீர்கள்.

கணக்கைப் போட்டதும் வியாபாரி மேல் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம். பேங்க் இருப்பது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வியாபாரியிடம் போகிறார்? பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கலாம். கையெழுத்துக்கும் சான்றிதழுக்கும் நாலு தடவை அலைந்தால் நாலு நாள் கூலி போகும். ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் வியாபாரி கொடுப்பார், பேங்க் கொடுக்காது. இந்த அலைச்சலுக்கும் அவசரத்துக்கும் சேர்த்துத்தான் அப்பா அந்த 4,800 ரூபாயைக் கொடுக்கிறார். அவர் ஏமாளி இல்லை. அவர் மனதுக்குள் போட்ட கணக்கு உங்கள் நோட்டில் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு நோபல் பரிசு வரை போனவர் ஒருவர் இருக்கிறார். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ். அவர் லண்டனில் படித்தது பி.காம்.தான். 1931-ல், இருபது வயதில், உதவித்தொகையில் அமெரிக்கா போய் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றால் கம்பெனி என்று ஒன்று எதற்கு என்பது அவர் கேள்வி. சந்தைக்குப் போவதற்கே செலவு இருக்கிறது, விலை விசாரிப்பதும் பேரம் பேசுவதும் ஒப்பந்தம் போடுவதும் இலவசமில்லை என்ற பதிலை 1937-ல் கட்டுரையாக எழுதினார். 1991-ல் நோபல். உங்கள் அப்பா பேங்க் வாசலில் இழக்கும் நாலு நாளும் அந்தக் கட்டுரைக்குள் அடங்கும்.

நீங்கள் மனப்பாடம் செய்த 14 கோட்பாடுகளும் வகுப்பறையில் பிறந்தவை இல்லை. ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். 1888-ல் மூழ்கும் நிலையில் இருந்த ஒரு சுரங்கக் கம்பெனியின் பொறுப்பை ஏற்றுத் தூக்கி நிறுத்தி, முப்பது வருடம் நடத்தியவர். அந்த அனுபவத்தைத்தான் 1916-ல் எழுதினார். கோட்பாடுகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, இடத்துக்குத் தக்கபடி வளைய வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரியை விட்டுவிட்டுப் பதினான்கையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கல் உடைப்பவன், கணக்கு எழுதுபவன், மேஸ்திரி என்று எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டிய மனிதரின் குறிப்புகள் அவை.

சேலத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்துதான் ஜவ்வரிசி ஆலையில் விலை போடுகிறார்கள். அளக்கும் கருவி வாங்குபவர் பக்கம் இருக்கிறது. விளைவித்தவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாவிட்டால் சந்தை என்ன ஆகும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் வியாபாரத்தை வைத்து எழுதினார். உங்கள் பாடப் புத்தகத்திலும் அந்தக் கார்தான் இருக்கும். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை வாசலில் அரை நாள் நின்றால் அதே பாடம் லாரியில் வந்து இறங்கும்.

அடுத்த கட்டத்தையும் பாருங்கள். அந்த ஆலைக்காரர்களே ஒரு காலத்தில் உங்கள் அப்பா இடத்தில்தான் இருந்தார்கள்: சரக்கு கையில், விலை வியாபாரியின் கையில். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மூட்டைகள் சங்கத்தின் கிடங்குக்குப் போகும். வாங்குபவர்கள் ரகசிய டெண்டரில் விலை எழுதுவார்கள். இருப்பு வைத்த சரக்கின் பேரில் முன்பணமும் உண்டு. முன்பணம் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று இரண்டையும் பிரித்துவிட்டதுதான் இதில் இருக்கும் சூட்சுமம். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன.

காப்பி விலை எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். அராபிகா ரகக் காப்பிக்கு நியூயார்க் சந்தைதான் திசை காட்டுகிறது. 2024-ல் பிரேசிலில் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அந்த மாதங்களில் உங்கள் களத்துக்கு வந்த வியாபாரி என்ன விலை சொன்னார் என்று அப்பாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் படித்திருக்கலாமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், பாதி தூரம் வந்தாயிற்று. எக்ஸெல், டேலி இரண்டையும் நன்றாகப் பழகிக்கொண்டால் போதும். பரீட்சைக்குக் கேள்வித்தாள்களைப் பார்த்துத் தயாராவதில் தப்பில்லை, அரியர் மட்டும் வைக்காதீர்கள். எம்பிஏவுக்கு உடனே ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ ஒரு மண்டியில், ஒரு வெள்ளிக் கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதிவிட்டுப் போனால் அங்கே கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கும்.

மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் வரும். 'வாடிக்கையாளர் திருப்தி' என்று கடையில் விற்கும் ரெடிமேட் தலைப்பை எடுத்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் பத்து வீட்டில் போய், எந்த மாதம் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், எத்தனை கிலோ போட்டார்கள், வெளி விலைக்கும் கையில் வந்த விலைக்கும் வித்தியாசம் என்ன, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். வீட்டு ஆட்கள் பழம் பறித்த நாட்களுக்கும் கூலி போட மறக்க வேண்டாம். அதை யாரும் செலவில் சேர்ப்பதில்லை. விவசாயி பெயரோ வியாபாரி பெயரோ எழுத வேண்டாம், நாளைக்கும் அதே ஊரில்தான் எல்லோரும் இருக்கப்போகிறீர்கள். முதல் வீடாக உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் பட்டா யார் பெயரில் என்று அப்பாவிடம் கேட்டு, தாத்தா பெயரில் இருந்தால் அதை மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும் என்று தாலுகா ஆபீஸில் விசாரித்துவிடுங்கள். அடுத்த ஆடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.