லாரி டயரைப் பிக்கப்பில் மாட்டலாமா? – வாசகர் கேள்வி, எங்கள் பதில்

என்னிடம் இருப்பது டபுள் கேபின், ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். கம்பெனி டயர் 245/70 ஆர்16. கிரானைட் பலகை ஏற்றிக்கொண்டு செங்குன்றம், கும்மிடிப்பூண்டி என்று வாரத்தில் நாலு நாள் ஓட்டம். ஆறு மாதத்தில் இரண்டு டயர் பக்கவாட்டில் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. நடுத்தர லாரிக்குப் போடும் 235/75 ஆர்17.5 டயரை அதன் இரும்பு டிஸ்க்கோடு மாட்டினால் லோடும் கூடுதலாக ஏற்றலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா ஐயா?
– மாதவரம் வாசகர்

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. அந்த டயர் தாங்கும், வண்டி தாங்காது.

டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து ஒரு எண் இருக்கும். அதுதான் லோடு எண். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். நீங்கள் கேட்கும் லாரி டயரில் 132 என்று இருந்தால் 2,000 கிலோ. ஆனால் பாரம் நேராக டயருக்கு வருவதில்லை. சேஸிலிருந்து ஸ்பிரிங் பட்டைக்கு, பட்டையிலிருந்து ஆக்ஸிலுக்கு, ஆக்ஸிலிலிருந்து பேரிங்குக்கு, அங்கிருந்து ஆறு வீல் போல்ட்டுக்கு இறங்கி, கடைசியில்தான் டயரில் உட்காருகிறது. நீங்கள் மாற்றப்போவது அந்தக் கடைசி ஒன்றை மட்டும். ஆர்.சி.யில் லோடுடன் உள்ள எடை, வெறும் வண்டி எடை இரண்டும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஏறும் ஆட்களின் எடையையும் கழியுங்கள். டபுள் கேபினில் மிஞ்சுவது கொஞ்சம்தான். 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரை கிலோ. 200 சதுர அடி ஏற்றினால் 900 கிலோ. உங்கள் டயர் வெட்டுப்படுவதற்கு முதல் காரணம் இந்தக் கணக்காகத்தான் இருக்கும். அளவுக்கு மீறிய பாரத்தில் பக்கச் சுவர் பிதுங்கி நிற்கிறது. ரோட்டோரக் கல் அந்தப் பிதுக்கத்தில்தான் முதலில் படுகிறது.

இனி மாட்டும் விஷயம். சக்கரம் மாட்டும் உங்கள் ஹப்பில் ஆறு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. 17.5 அங்குல லாரி டிஸ்க்கில் அந்த வட்டம் பெரும்பாலும் 200 மி.மீ.-ஐத் தாண்டும், நடு ஓட்டையும் பெரியது. நேராக உட்காரவே உட்காராது. அதனால் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஓர் அடாப்டர், அதாவது இணைப்புத் தட்டு, தேவைப்படுகிறது. அது எவ்வளவு தடிமன் என்று கேட்டால்தான் விஷயத்தின் கனம் புரியும். இரட்டைச் சக்கரத்துக்கென்று செய்த லாரி டிஸ்க்கில், ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 100 மி.மீ.-க்கும் மேல் வெளியே தள்ளி இருக்கும். டிஸ்க்கில் 120, உங்கள் பழைய ரிம்மில் 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் பழைய கோட்டிலேயே ஓட வேண்டுமானால் 87 மி.மீ. தடிமனுள்ள அடாப்டர் வேண்டும். மெல்லியதாகப் போட்டால் டயர் உள்ளே போய்ப் பட்டையில் உரசும். தடிமனைக் கூட்டினால் வெளியே தள்ளி, வெளி பேரிங்கை நெம்பும். அடாப்டரை ஹப்பில் பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அவை தளர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும்.

சில லேத் பட்டறைகளில் லாரி ரிம்மின் நடுத்தட்டை வெட்டியெடுத்து, பிக்கப் ரிம்மின் நடுத்தட்டை வைத்து வெல்டிங் செய்து தருகிறார்கள். ஒன்றிரண்டு மில்லி கோணினாலே வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் ஆடும். சோதிக்காத வெல்டிங் ரோட்டில் விட்டுப்போனால் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்தான் பலி. இதைச் செய்யவே வேண்டாம்.

இன்னொன்று: 17 அங்குல ரிம்மும் 17.5 அங்குல ரிம்மும் உறவுக்காரர்கள் அல்ல. 17.5-ல் டயர் விளிம்பு உட்காரும் சரிவு 15 டிகிரி. 17-ல் 5 டிகிரி. ஒன்றின் டயரை இன்னொன்றில் ஏற்றிக் காற்றடித்தால் விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். ‘அரை அங்குலம்தானே’ என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒருவேளை எல்லாம் பொருந்திவிட்டது என்றே வைப்போம். பழைய டயரின் விட்டம் 749 மி.மீ., புதியது 797. வண்டி உயர்வது 24 மி.மீ. மட்டும். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ல் போகும். முதல் கியரின் இழுவை ஆறு சதவீதம் குறையும். கத்திப்பாரா ஏற்றத்தில் லோடோடு நின்று எடுத்தால் கிளட்ச் தேயும் வாசனை வரும். பிரேக்குக்கும் அதே ஆறு சதவீதம் கூடுதல் வேலை. டயரும் டிஸ்க்குமாக ஒரு சக்கரத்தின் எடை பழையதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஸ்டெப்னியோடு ஐந்துக்கும் கணக்கிட்டால் கிரானைட்டுக்கு இருந்த கொஞ்ச இடத்தையும் சக்கரமே தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது பிடிமானம். 2,000 கிலோவுக்காகக் கட்டிய டயரில் உங்கள் வண்டி வைப்பது 700, 800 கிலோ. அது அமுங்காது, கல்லாக நிற்கும். தரையில் படும் பரப்பு சுருங்கிவிடும். காற்றைக் குறைக்கலாம் என்றால், டயர் கம்பெனியின் அழுத்த அட்டவணை அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை. லாரி டயரின் ரப்பர் நெடுநாள் உழைக்கக் கெட்டியாகச் செய்தது. கோடை முழுக்கத் தேங்கிய எண்ணெய்ப் பிசுக்கோடு முதல் மழை பெய்யும் நாளில், காலி பிக்கப்பை இந்த டயரில் பிரேக் அடித்து நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

அப்படியானால் வழி? அதே 16 அங்குல ரிம்மில் எல்.டி. (லைட் டிரக்) வகை டயர். 245/75 ஆர்16, பத்து ப்ளை, லோடு எண் 120/116 உள்ளதைக் கேளுங்கள். ஒற்றைச் சக்கரமாக 1,400 கிலோ தாங்கும். விட்டம் 774, வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். பக்கச் சுவர் தடிமனானது. வெட்டுக்குச் சட்டென்று மசியாது. ஆனால் பழைய டயரின் அழுத்தத்தையே இதில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதே பாரத்துக்கு எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். டீலரிடம் அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சென்னையைச் சுற்றி இத்தனை டயர் ஆலைகள் இருக்கும் ஊரில் அது கிடைக்காமல் போகாது.

காசு கொடுக்கும் முன் ஒரு டயரை மட்டும் முன்னால் மாட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள். பிறகு அந்தச் சக்கரத்தை 150 மி.மீ. கட்டை மேல் ஏற்றி மறுபடி ஒடியுங்கள். மட்கார்டு, உள் பிளாஸ்டிக், பிரேக் ஹோஸ், மேல் ஆர்ம் எல்லாவற்றோடும் விரலளவு, அதாவது 25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். லோடு ஏற்றிய நிலையில் பின்னாலும் பாருங்கள். அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் பெரிய டயர் அடங்குகிறதா என்பதைப் பலர் பஞ்சரான அன்றுதான் கண்டுபிடிக்கிறார்கள். ஃபோர் வீல் டிரைவ் என்பதால் ஐந்தும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் வேண்டும். முன்னால் ஒரு விட்டம், பின்னால் ஒரு விட்டம் என்று ஃபோர் வீல் போட்டு ஓட்டினால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி உடையும்.

புது இரும்பு டிஸ்க் மாட்டியதிலிருந்து வீல் நட்டுகள் அடிக்கடி தளர்கின்றன. பைப் போட்டு, ஏறி மிதித்துத்தான் இறுக்குகிறோம். அப்படியும் நிற்கவில்லை.
– போரூர் வாசகர்

ஏறி மிதிப்பதுதான் கெடுக்கிறது. 60 கிலோ ஆள் மூன்றடி பைப்பின் நுனியில் நின்றால் 530 நியூட்டன் மீட்டர் வரை விசை இறங்கும். 12 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக வேண்டியது 100 முதல் 120. போல்ட் இழுபட்டு நீண்டுவிடுகிறது. நீண்டது மறுபடி இறுக்கிப் பிடிக்காது. துல்லியமான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் சக்கரம் மாட்டாதீர்கள்.

மூல காரணம் அனேகமாக நட்டின் உட்காருமிடம். கோன் நட், உருண்டை முக நட், வாஷரோடு வரும் தட்டை நட் என்று மூன்று உண்டு. டிஸ்க்கின் துளை எதற்குக் கடைந்ததோ அந்த நட்டுதான் போட வேண்டும். சோதிக்க எளிய வழி: நட்டின் முகத்தில் மெல்லிசாக மை தடவி, கையால் இறுக்கிக் கழற்றுங்கள். துளையில் முழு வளையமாக மை ஒட்டியிருந்தால் சரி. ஒரு கோடாக மட்டும் ஒட்டியிருந்தால் நட் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். அடுத்து பெயிண்ட். புது டிஸ்க்கின் பின்முகத்தில் தடித்த பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, நசுங்கிய அளவுக்கு நட் தளரும். ஹப்பும் டிஸ்க்கும் ஒட்டும் முகத்தை ஒயர் பிரஷ் போட்டுச் சுத்தமாக்குங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம்.

இறுக்குவது எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில். 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 100-ல் ஒரு முறை மறுபடி பாருங்கள். நட்டிலிருந்து செந்நிறத் துருக்கோடு வெளியே ஓடியிருந்தால் அந்த நட் தளர்ந்து ஆடியிருக்கிறது. ஒரு போல்ட் முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாப் போல்ட்டையும் மாற்றுங்கள். முறிந்ததன் பாரத்தைப் பக்கத்திலிருந்தவைதான் சுமந்தன.

7.00 ஆர்16-க்குப் பதில் 7.50 ஆர்16 போட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது. டயர்தான் காரணமா?
– பூந்தமல்லி வாசகர்

மைலேஜை விட மீட்டர்தான் அதிகம் ஏமாற்றுகிறது. லோடோடு டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, தரையிலும் குறித்து, ஐந்து சுற்று நேராக உருட்டி நாடாவால் அளந்து பாருங்கள். பழைய டயரில் 11.8 மீட்டர், புதியதில் 12.3 மீட்டர் வந்தால் வித்தியாசம் 4.2 சதவீதம். மீட்டரில் 300 காட்டும்போது நீங்கள் ஓடியது ஏறத்தாழ 313. 25 லிட்டர் டீசலுக்கு 12 என்று தெரிவது உண்மையில் 12.5. இதற்குப் பிறகும் குறைவாகத் தெரிந்தால் கூடுதல் எடையும் காற்றழுத்தமும்தான் காரணம். 7.50-க்கு உரிய ரிம் 6.00ஜி, 7.00-க்கு 5.50எஃப். பழைய குறுகிய ரிம்மிலேயே ஏற்றியிருந்தால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து டயர் சீக்கிரம் போகும். ரிம்மில் அடித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

காசிமேட்டிலிருந்து மீன் லோடு. ரிம் துருப்பிடித்துத் தினமும் காற்று இறங்குகிறது. பெரிய சக்கரம் போட்டால் உப்புத் தண்ணீர் படாமல் தப்புமா?
– ராயபுரம் வாசகர்

தப்பாது. விட்டம் 50 மி.மீ. கூடினால் ஆக்ஸில் உயர்வது 25 தான். உங்கள் எதிரி ரோட்டுத் தண்ணீர் அல்ல. பெட்டியிலிருந்து உருகிச் சொட்டும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர். அது நேராகப் பின் சக்கரத்தின் உள்முகத்தில் விழுகிறது. பாடியின் அடியில் ஒரு தகரப் பாத்தி வைத்து, ஹோஸ் போட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் விடுங்கள். லோடு இறக்கியதும் ரிம்மின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள்.

கசியும் ரிம்முக்கு டயரைக் கழற்றி, விளிம்பு உட்காரும் வரம்பை ஒயர் வீலால் வெள்ளையாகத் தேய்த்து, ஜிங்க் பிரைமர், அதன் மேல் எப்பாக்ஸி. வால்வையும் மாற்றுங்கள். ஹப்பில் ஒட்டும் முகத்தில் பெயிண்ட் படக் கூடாது. துரு குழி பறித்திருந்தாலோ, போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்த ரிம்மைக் காயலான் கடைக்குப் போடுங்கள். புதுப்பேட்டையில் பழைய ரிம் வாங்கும்போதும் இதே சோதனைதான்.

டயர் அளவை மாற்றினால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனையில்) பிரச்சினை வருமா?
– தாம்பரம் வாசகர்

வரலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மாடலின் வேறு வேரியண்டுக்குக் கம்பெனியே தரும் அளவு என்றால் பயமில்லை. அதைத் தாண்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரிய டயரை நம்பி ஓவர்லோடு ஏற்றினால் அது தனிக் கணக்கு: 20,000 ரூபாய், மேலும் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000.

லாக் ரிங் ரிம்முக்கு வீட்டிலேயே கம்ப்ரஸர் வைத்துக் காற்றடிக்கலாமா?
– செங்குன்றம் வாசகர்

பாதுகாப்பு இரும்புக் கூண்டு இல்லாமல் கூடாது. டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் வளையம் சரியாக உட்காராமல் காற்றேறினால் அது பீரங்கிக் குண்டாகப் பறக்கும். வளையமும் பள்ளமும் துருவில்லாமல் இருக்க வேண்டும். வேறொரு ரிம்மின் வளையத்தைச் சுத்தியலால் அடித்துப் பொருத்தக் கூடாது. கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, கிளிப் உள்ள நீள ஹோஸை வால்வில் மாட்டிவிட்டு, வளையத்துக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்று அடியுங்கள். பாதி காற்றில் வளையம் கோணலாகத் தெரிந்தால் தட்டிச் சரிசெய்யாதீர்கள். வால்வுப் பின்னைக் கழற்றி, முழுக் காற்றையும் இறக்கிவிட்டு, முதலிலிருந்து மாட்டுங்கள்.