பழைய சன் அல்ட்ரா 5-ல் இன்றைய ஓபன்பிஎஸ்டி ஓடுமா?

கேள்வி: ஒரு கம்பெனி பழைய சாமான்களைக் கழித்தபோது சன் அல்ட்ரா 5 வொர்க்ஸ்டேஷன் ஒன்று கிடைத்தது, ராம் 512 எம்பி. ஆன் செய்தால் ஐடிப்ராம் செல்லாது என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சன் கீபோர்டும் இல்லை. இதில் இப்போதும் பராமரிப்பில் இருக்கிற ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் ஏதாவது போட முடியுமா சார்?

பதில்: தாராளமாகப் போடலாம். 1998-ல் வந்த மெஷின் என்றாலும் அதிலிருப்பது 64 பிட் அல்ட்ராஸ்பார்க் சிப், யூனிக்ஸ் வழி வந்த இலவச ஓஎஸ்களான ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் அதை விட்டுவிடவில்லை. இந்த மெஷினைத் தயாரித்த சன் கம்பெனியை 2010-ல் வாங்கிய ஆரக்கிள் அடுத்த வருடமே சன்னின் சொந்த ஓஎஸ்ஸான சோலாரிஸின் 11-ஆம் பதிப்பில் இந்த வகை மெஷின்களைக் கழற்றிவிட்டது, இதே குடும்பத்து ஃப்ரீபிஎஸ்டியும் 2021-ல் 13-ஆம் பதிப்போடு ஸ்பார்க்64-ஐ (இந்த வகைச் சிப்புகளுக்கான ஆதரவை) நீக்கியது. என் ஓட்டு ஓபன்பிஎஸ்டிக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது, இன்ஸ்டால் செய்யும்போது பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் தட்டினாலே போதும்.

முதலில் அந்த ஐடிப்ராம் (மெஷினின் அடையாள விவரங்கள் இருக்கும் இடம்) பிரச்சினையை முடித்துவிடுங்கள். மதர்போர்டில் சாக்கெட்டில் செருகியிருக்கும் எம்48டி59 என்ற சிப்புக்குள்ளேயே ஒரு பேட்டரி இருக்கிறது, ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட்ஐடி, எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற விவரம் எல்லாம் அந்தச் சிப்பில்தான். பேட்டரி செத்தால் அத்தனையும் போய்விடும், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக எஃப்எஃப் என்று நிற்கும். மெஷின் பழுது என்று நினைத்து இந்த நிலையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும், ஏனென்றால் மற்ற எல்லாம் நன்றாகவே இருக்கும். இப்போதைக்கு ஓகே ப்ராம்ப்டில் (ஓஎஸ் ஏறுமுன் கமாண்ட் அடிக்க மெஷின் காட்டும் இடம்) எம்கேபி கமாண்டால் ஒவ்வொரு பைட்டாக எழுதிவிடலாம்: முதலில் 1, அடுத்து மெஷின் வகைக்கு ஹெக்ஸில் 80, பிறகு முகவரியின் ஆறு பைட்டுகள் (சன் மெஷினுக்கு 8:0:20 என்று தொடங்கும்), அப்புறம் தேதி, வரிசை எண், கடைசியில் இவை எல்லாவற்றையும் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்து வரும் செக்சம், அதாவது சரிபார்ப்பு எண். பவர் போனால் இதுவும் போகும். நிரந்தரத் தீர்வு புதுச் சிப்தான், சாலிடரிங் கை உள்ளவர்கள் பழைய சிப்பின் மேல்பக்கத்தைச் சுரண்டி, உள்ளே இருக்கும் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, சிஆர்2032 பட்டன் செல்லை இணைத்துவிடுகிறார்கள்.

கீபோர்டு இல்லாதது ஒரு விதத்தில் நல்லதுதான். கீபோர்டு இல்லையென்றால் மெஷின் தானாகவே பின்பக்கத்து 25 பின் சீரியல் போர்ட்டில் பேச ஆரம்பிக்கும். நல் மோடம் கேபிள் (இரண்டு கம்ப்யூட்டர்களை சீரியல் வழியே நேரடியாக இணைப்பது) ஒன்றை உங்கள் லேப்டாப்பில் மாட்டி 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். சிடியில் எழுதிய இன்ஸ்டாலரைப் போட்டு 'பூட் சிடிராம்' என்று அடித்தால் கிளம்பிவிடும். ஐடிஇ டிஸ்க் 128 ஜிபிக்குள் இருக்கட்டும்.

இன்ஸ்டால் முடிந்து முதல்முறை பூட் ஆகும்போது எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வசதி) சாவிகளை உருவாக்கவே வெகுநேரம் எடுக்கும், அது ஒருமுறைதான். ஆனால் புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லிப்சி, லிப்கிரிப்டோ போன்ற லைப்ரரிகளைப் பாதுகாப்புக்காக ஒவ்வொரு பூட்டிலும் வரிசை மாற்றி லிங்க் செய்கிற வேலை எப்போதும் நடக்கும், புது மெஷினில் அது தெரியவே தெரியாது, இதில் திரை அப்படியே நிற்கும். தொங்கிவிட்டது என்று பவரைப் பிடுங்கிவிடாதீர்கள்! வீட்டுக்குள் மட்டும் ஓடும் மெஷின் என்றால் ஆர்சிசிடிஎல் கமாண்டில் இந்த வேலைக்கான 'லைப்ரரி_ஏஎஸ்எல்ஆர்' என்பதை டிசேபிள் செய்துகொள்ளலாம்.

கேள்வி: இவ்வளவு பழைய மெஷினுக்கு இவர்கள் ஏன் இன்னும் உழைக்க வேண்டும்? பழசின் மேல் உள்ள பாசம்தானா?

பதில்: பாசமும் உண்டு, ஆனால் அது மட்டுமில்லை. ஸ்பார்க் சிப் ஒரு எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும், இன்டெல் சிறியதை முதலில் வைக்கும். எட்டு பைட் மாறியில் 5 இருக்கிறது, யாரோ அசந்துபோய் அதை நான்கு பைட் சுட்டி (பாயிண்டர்) வழியாகப் படிக்கிறார் என்று வையுங்கள். இன்டெல்லில் முதல் நான்கு பைட்டில் 5 கிடைத்துவிடும், தப்பு வருடக்கணக்கில் மறைந்தே கிடக்கும். ஸ்பார்க்கில் 0 வரும், உடனே மாட்டிக்கொள்ளும். நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட் எண்ணைப் படிக்க முயன்றாலும் அப்படித்தான், இன்டெல் பேசாமல் படித்துக் கொடுத்துவிடும், ஸ்பார்க் 'பஸ் எரர்' என்று புரோகிராமையே நிறுத்திவிடும். இங்கே பிடிபட்டுத் திருத்தப்படும் பிழை உங்கள் லேப்டாப்பில் ஓடுகிற அதே கோடில் உள்ள பிழைதான். சி படிக்கிற மாணவர்கள் தங்கள் புரோகிராமை ஒருமுறையாவது இப்படிப்பட்ட மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பேன்.

கேள்வி: அதில் யூடியூப் பார்க்கலாமா?

பதில்: முடியாது. இன்றைய பிரவுசருக்கு 512 எம்பி எந்த மூலைக்கு? எஸ்எஸ்எச், விஐ எடிட்டர், சி கம்பைலர், சின்னதாக ஒரு வெப் சர்வர், இதெல்லாம் நிம்மதியாக ஓடும்.

கேள்வி: என்னிடம் எஸ்ஜிஐ ஓ2 என்ற பழைய வொர்க்ஸ்டேஷன் இருக்கிறது. அதற்கும் ஓபன்பிஎஸ்டி உண்டா?

பதில்: இருந்தது, 2021 மே மாதம் வந்த 6.9-தான் கடைசி. உங்களுடையதில் ஆர்5000 சிப் என்றால் நெட்பிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.