படம் சொதப்பல் என்கிறான், டைரக்‌ஷன் படிக்கணும் என்கிறான்

கேள்வி (மதுரை பழங்காநத்தத்திலிருந்து ஒரு தாய்): பையன் பிளஸ் ஒன், சயின்ஸ் குரூப். ஜெயிலிலிருந்து தப்பிக்கிற படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சினிமா டைரக்‌ஷன் படிப்பேன் என்கிறான். குரூப்பை மாற்றித் தரச் சொல்கிறான். “அந்த ஹீரோ ஜெயிலுக்குள்ள வந்ததுமே தெரிஞ்சுபோச்சு, இவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரம் உட்காரணும்?” என்று புலம்புகிறான். என்ன செய்வது?

பதில்:

அம்மா, குரூப்பை மட்டும் இப்போது மாற்றாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் பையன் சொன்னதைப் பார்ப்போம். “படம் போர்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எங்கே ஓட்டை என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறான். அதை நீங்கள் வார்த்தை மாறாமல் எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

அவன் பிடித்தது சரியான இடம். சிறையிலிருந்து தப்பும் கதைக்கு மூச்சே, உள்ளே இருப்பவனால் எதுவும் முடியாது என்ற நிலைதான். நான்கு வார்டர்களை ஒரே அடியில் சாய்க்கிற ஆளுக்குச் சுரங்கம் எதற்கு? வாசல் வழியாகவே போய்விடலாமே. சண்டை ஹீரோவை அந்த இடத்தில் நிறுத்தினால் அவருக்கு ஃபைட் வைக்க வேண்டும். ஃபைட் வைத்தால் காவலர்கள் சோப்ளாங்கிகள் ஆகிவிடுவார்கள். காவல் லேசாகிவிட்டால் தப்பிப்பதில் என்ன பதைப்பு இருக்கும்? நடிகர் மேல் குற்றமில்லை. கதைக்கு ஆள் பார்க்காமல், ஆளுக்குக் கதை பார்த்ததன் விளைவு இது.

நிஜத்தில் நடந்த ஒன்றை அவனிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து 1962 ஜூன் மாதம் மூன்று கைதிகள் தப்பினார்கள். பல மாத வேலை அது. அறைக்குள் இருந்த காற்றுத் துவாரத்தைச் சுற்றியிருந்த சிமென்ட்டைக் கரண்டி மாதிரியான சில்லறைச் சாமான்களால் சுரண்டி ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். கைதிகள் வாத்தியம் வாசிக்கும் நேரத்தின் இரைச்சலில் சுரண்டல் சத்தம் அமுங்கியது. சோப்பு, காகிதக் கூழ், முடிவெட்டும் இடத்திலிருந்து எடுத்த முடி ஆகியவற்றால் பொம்மைத் தலைகள் செய்து படுக்கையில் வைத்தார்கள். ராத்திரி எண்ணிக்கை எடுத்தவர்கள் ஏமாந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மழைக்கோட்டுகளை ஒட்டித் தைத்து மிதவை செய்தார்கள். திட்டத்தில் இருந்த நான்காவது ஆள் என்ன ஆனான் தெரியுமா? அவன் அறையின் ஓட்டை, அந்த ராத்திரிக்குள் உடம்பு நுழையும் அளவுக்கு அகலமாகவில்லை. அவன் உள்ளேயே தங்கிப்போனான்.

பையனை அந்த ஓட்டையை யோசிக்கச் சொல்லுங்கள். ஜிம்மில் ஏற்றிய தோளோடு ஒரு ஹீரோ அதில் நுழைய முடியுமா? அந்தக் கதைக்கு ஆள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது தோளின் அகலம். அடுத்தது, காத்திருக்கத் தெரிந்த கண். காஸ்டிங், அதாவது பாத்திரத்துக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை, தொடங்குவது இங்கேதான்.

ஒரு படத்தில் எந்தக் குறை ஒருவன் கண்ணில் முதலில் படுகிறதோ, அவனுடைய கை எந்த வேலைக்குப் போகும் என்பதற்கு அது நல்ல அடையாளம். தப்பிக்கும் திட்டம் முன்னுக்குப் பின் இடிக்கிறது என்று சொல்பவன் திரைக்கதைக்காரன். காலையில் காயம் வலது கன்னத்தில், மாலையில் இடது கன்னத்தில் என்பவன் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர். கதவு பூட்டும் சத்தம் இரும்புக் கதவு மாதிரியே இல்லை என்று முகம் சுளிப்பவனுக்கு ஒலிப்பதிவு. ‘ஆள் பொருந்தவில்லை’ என்பவன் டைரக்‌ஷன் பக்கம், அல்லது காஸ்டிங் பக்கம். உங்கள் பையன் இந்தக் கடைசி வகை. ஆனால் ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இதே வகைப் படங்கள் மூன்றைப் பார்த்து சீன் ஆர்டர் எழுதட்டும். ஒரு நோட்டில் சீன் எண், எத்தனையாவது நிமிடம், எந்த இடம், யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என ஐந்து கட்டம். முதல் படத்தோடு நோட்டை மூடி வைத்துவிட்டால், அது ரசிகனின் ஆசை. மூன்றையும் முடித்தால் நீங்கள் காது கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்து, காலாண்டு லீவில் ஒரு ஐந்து நிமிடப் படம். வசனமே கூடாது. தூங்கும் காவலரின் இடுப்பிலிருந்து ஒருவன் சாவியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதே காட்சியை இரண்டு தடவை எடுக்கட்டும்: ஒரு முறை சொந்தத்தில் கட்டுமஸ்தான அண்ணன் யாரையாவது வைத்து, ஒரு முறை ஒல்லியான தம்பியை வைத்து. இடம், ஆங்கிள், கட் எல்லாம் ஒன்றேதான். இந்த வேறுபாட்டை எந்தக் கல்லூரியும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொடுக்காது.

எடுக்கும்போது வழக்கமாகக் கெடுவது இரண்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டைக் கோடுகள் ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் வேறு வேகத்தில் எடுக்கும், அதனால்தான். கேமரா ஆப்பில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் கோடு போய்விடும். இரண்டாவது சத்தம். ஃபேனை அணைத்துவிட்டு, இன்னொரு போனை நடிப்பவர் பக்கத்தில் ஃப்ரேமில் தெரியாமல் வைத்து ரெக்கார்ட் செய்து, டேக் தொடங்கும்போது ஒருமுறை கை தட்ட வேண்டும். எடிட்டிங்கில் படத்தையும் சத்தத்தையும் சேர்க்க அந்தத் தட்டல்தான் அடையாளம். ஒன்று மட்டும் கண்டிப்பு: ஜெயில் என்றதும் அரசரடி மத்தியச் சிறை வாசலில் போய் போனை நீட்டக் கூடாது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே போதும்.

இப்போது படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. இயக்கம் - திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எனத் தனித்தனிப் பிரிவுகள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்றவற்றுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். குரூப்பை மாற்றாதீர்கள் என்றது இதற்காகத்தான். இன்று டைரக்‌ஷன் என்பவன், நோட்டு எழுதிப் பார்த்த பிறகு கேமரா என்று சொல்லலாம். அந்தக் கதவை இப்போதே சாத்த வேண்டாம். புனே, கொல்கத்தா மத்திய அரசுத் திரைப்பட நிறுவனங்களில் டைரக்‌ஷனுக்கு ஏதாவது ஒரு டிகிரி முடித்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. எனவே தரமணி கிடைக்காவிட்டால் மதுரையிலேயே விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி) சேர்ந்து மூன்று வருடம் கழித்து அங்கே எழுதலாம். சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். கேமரா பீரோவில் பூட்டியிருக்கிறதா, மாணவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் பிள்ளைகள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.

“சான்ஸ் கன்ஃபார்ம்” என்று ஆடிஷனுக்கும் போட்டோ ஷூட்டுக்கும் பணம் கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள். ஆள் தேடும் நேர்மையான கம்பெனி, ஆடிஷனுக்கு வருபவரிடம் காசு வாங்காது. அதேபோல, உதவி இயக்குநராகச் சேர்ந்தவனுக்கு ஆரம்ப வருடங்களில் மாதச் சம்பளம் என்று ஒன்றை நம்ப முடியாது. படம் நின்றால் வருமானமும் நின்றுவிடும். சென்னையில் ரூம் வாடகையும் சாப்பாடும் எத்தனை வருடம் உங்களால் தர முடியும் என்பதை வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து எண்ணாகவே பேசிவிடுங்கள். பேசாமல் விட்ட வீடுகளில்தான் பிள்ளைகள் ஒருநாள் ராத்திரி சொல்லாமல் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள்.

சாவிக் காட்சி முடிந்ததும், அவன் நண்பர்களுக்குக் காட்டும் முன் இரண்டையும் நீங்கள் பாருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்த நொடியில் நீங்கள் மூச்சைப் பிடித்தீர்கள் என்பதை மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.